ஐந்தாவது ஆள்

எங்கள் மாவட்டத்தில் 1865ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பதிவான பண்ணைகளில் நானூற்றுப் பன்னிரண்டு இப்போது தங்கள் இடத்தில் இல்லை. ஆட்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சில வருடங்களில் கடிதமும் நின்றுபோன பிறகு, அவை எழுந்து தேடிக்கொண்டு போய்விட்டன. அவற்றைத் திரும்ப அழைப்பது என் உத்தியோகம். நோர்வேயின் உட்பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில், ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில், பதினேழு வருடமாக இதைச் செய்துவருகிறேன்.

வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பழைய மதிப்பேட்டில் பண்ணையின் பதிவைத் தேடியெடுத்து, பச்சைப் படிவத்தில் பிசகில்லாமல் எழுத வேண்டும். இருந்த ஆட்கள், அவர்கள் வயது, குதிரை, மாடு, செம்மறி, பன்றி, விதைத்த வாற்கோதுமை எத்தனை பீப்பாய், உருளைக்கிழங்கு எத்தனை பீப்பாய், எல்லாம். படிவத்தை முன்வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் பண்ணை காப்பகத்தின் பின்முற்றத்துக்கு வந்து நிற்கும். ஒரு செம்மறி கூடக்குறைய எழுதினாலும் வராது. இந்த விஷயத்தில் பண்ணைகளுக்கு ரோசம் அதிகம்.

வந்த பண்ணைக்குள் வாரிசு ஒருவர் போய், பதிவிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் வாசித்து, அவருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். எல்லாரையும் பற்றிக் கேட்டு முடித்ததும், பழைய வரைபடத்தில் நான் பென்சிலால் குறித்துக்கொடுக்கும் இடத்துக்குப் போய் அது படுத்துக்கொள்ளும். அதன் பிறகு அங்கே அத்திவாரக் கல்லும் புல்லும்தான். சொல்ல ஆளில்லாத பண்ணைகள் அலைந்துகொண்டே இருக்கும். வீதியில் எதிர்ப்பட்டால் கார்கள் வேகத்தைக் குறைத்து வழிவிடும்.

சென்ற செப்டம்பரில் மினசோட்டாவிலிருந்து ஆர்லீன் லீசேத் வந்தார். எண்பத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தே காலம் போய்விட்டது என்று சொல்லி நின்றபடியே பேசினார்.

"எங்கள் குடும்பத்தில் கடைசி ஆள் நான். இனிமேல் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் இங்கே இருப்பேன். அதற்குள் பண்ணையிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை."

அவர் கையில் ஒரு படம் இருந்தது. சுவரில் மாட்டுகிற அளவில், கண்ணாடி போட்டு, லீசேத் என்ற பெரிய பண்ணையின் படம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக இப்படி ஒரு படத்தோடுதான் வருவார்கள். லீசேத் பண்ணையின் பதிவை எடுத்தெழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் காலை அது வந்தது. இரண்டு மாடி, மூன்று களஞ்சியம், பதினான்கு மாடு. முற்றத்தில் இடம் போதாமல் ஊழியர்களின் கார்களை நகர்த்த வேண்டியிருந்தது. ஆர்லீன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். பண்ணை அவரைப் பார்த்தது. கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மாடுகளோடு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"என்னைத் தெரியவில்லை அதற்கு" என்றார் ஆர்லீன்.

அவருக்கு நான் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தன் பெயர், அப்பாவின் பெயர், அதற்குப் பிறகு குடியிருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயரும் மாறிவிடும். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுமந்துகொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேலை தந்ததற்கு அதுதான் காரணம் என்று என் மேலாளர் குன்வோர் அடிக்கடி சொல்லுவார். ஆர்லீனின் கொள்ளுத்தாத்தா தோலெவ், லீசேத்தின் சொந்தக்காரர் இல்லை. அதன் நிலத்தில் ஒரு மூலையில் குடிசை போட்டு, வாரத்தில் மூன்று நாள் அங்கே வேலை செய்து கழித்த கூலிக்குடியானவர். அமெரிக்காவில் இறங்கியபோது பெயர் கேட்டிருப்பார்கள். பெரிய பண்ணையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆர்லீன் கண்ணாடிப் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அப்படியென்றால் எங்கள் வீடு எங்கே?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பழைய மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொண்டு இருவரும் மலையேறினோம். வரைபடத்தில் லீசேத்துக்கு மேலே, ஓடையைத் தாண்டி, கடுகளவு கறுப்புச் சதுரம் ஒன்று. பெயரில்லை, எண்ணில்லை. மதிப்பேட்டில் மட்டும் லீசேத்தின் கீழே பிரோத்தென் என்று ஒரு வரி இருந்தது. போய்ப் பார்த்தால் பத்தடிக்குப் பன்னிரண்டடி நிலத்தில் தொட்டால் அரிக்கும் காஞ்சோன்றி மண்டிக் கிடந்தது. மனிதர் குடியிருந்த மண்ணில்தான் அது அப்படி வளரும். கல்லைக் கூட விட்டுவைக்காமல் பிரோத்தென் எழுந்து போயிருந்தது. ஆர்லீன் கையுறையைக் கழற்றி ஒரு இலையைத் தொட்டார். விரல் தடித்தது. அதை அவர் நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிரோத்தெனின் பதிவு சின்னது. தோலெவ், முப்பத்துநான்கு. மனைவி குரோ, முப்பத்தொன்று. மகள் ஆன்னே, ஆறு. மகன் க்னூட், மூன்று. குதிரை இல்லை, மாடு ஒன்று, செம்மறி இரண்டு, உருளைக்கிழங்கு ஒரு பீப்பாய். க்னூட்தான் ஆர்லீனின் தாத்தா. படிவத்தை எழுதி, இரண்டு முறை சரிபார்த்து ஒட்டினேன். மூன்று நாள் போனது. நான்காம் நாளும் போனது. முற்றம் வெறுமையாகவே கிடந்தது. ஆர்லீன் தினமும் எட்டு மணிக்கு வந்து, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்கதவருகே உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குன்வோர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இங்கே எல்லாரும் எல்லாரையும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

"தர்மா, ஆட்களை எண்ணினாயா?"

"மதிப்பேட்டில் உள்ளபடி நான்கு பேர்."

"மதிப்பேட்டில் உள்ளபடி என்று நான் கேட்கவில்லை."

அப்போதுதான் தேவாலயப் பதிவேட்டை இறக்கினேன். 1865ஆம் ஆண்டு மதிப்பு, டிசம்பர் முப்பத்தோராம் தேதியில் யார் யார் இருந்தார்களோ அவர்களை எண்ணும் மதிப்பு. ஆனால் எண்ணுகிறவர் வீடு வீடாகப் போனது அதற்குப் பிறகு, ஜனவரியில். பனியில் மலையேறி பிரோத்தெனுக்கு அவர் ஜனவரி எட்டாம் தேதி போயிருக்கிறார். ஜனவரி இரண்டாம் தேதி அந்த வீட்டில் ஒன்பது வாரக் குழந்தை ஒன்று இறந்திருக்கிறது. ஆறாம் தேதி அடக்கம் செய்திருக்கிறார்கள். பெயர் ஸிக்ரித். சட்டப்படி அவள் எண்ணப்பட்டிருக்க வேண்டும். வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார். தோலெவ் வீட்டைத் திரும்பிப் பார்த்து நான்கு என்று சொல்லியிருப்பார்.

ஆர்லீனிடம் சொன்னேன். "ஸிக்ரித் என் தாத்தாவின் தங்கை பெயர். அவர் கப்பலில் பிறந்தவர். எங்கள் ஊரில் கல்லறை இருக்கிறது" என்றார். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது இவர்கள் வழக்கம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் அதன் பிறகு இவளை யாருமே கூப்பிட்டதில்லை" என்றார்.

படிவத்தில் ஐந்தாவது வரியில் ஸிக்ரித், ஒன்பது வாரம் என்று எழுதினேன். ஒட்டியது பிற்பகல் இரண்டு மணிக்கு. மூன்றரைக்குப் பிரோத்தென் வந்துவிட்டது. அவ்வளவு அருகில் எங்கேயோதான் நின்றிருக்கிறது. ஒற்றை அறை, கூரையில் புல், ஒரு மாடு, இரண்டு செம்மறி. பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. கதவு திறந்தே இருந்தது.

ஆர்லீன் குனிந்து உள்ளே போனார். சாட்சிக்கு நானும் போனேன். அடுப்பு, ஒரு கட்டில், சுவரோரம் ஒரு மரத்தொட்டில். அவர் படிவத்தைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் பெயர் வாசிக்கிறவர் போல, உரத்து வாசித்தார். தோலெவ் 1899இல் நெஞ்சுவலியில் போனார். குரோ அவருக்கு நான்கு வருடம் கழித்து. ஆன்னே பிரசவத்தில். க்னூட், என் தாத்தா, தொண்ணூறு வயது வரை இருந்தார், கடைசிவரை பால் இல்லாமல் காப்பி குடித்தார். அவருடைய மகன் என் அப்பா. அவருடைய மகள் நான். எனக்குப் பிறகு யாரும் இல்லை. நீ இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு ஐந்தாவது பெயருக்கு வந்தார். தொட்டிலின் விளிம்பில் கை வைத்தார்.

"ஸிக்ரித், உன்னை விட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. வாய் வராமல் போயிருக்கும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாட்சி அழக்கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரோத்தென் உடனே புறப்படவில்லை. தவறு அதனுடையதல்ல. பெயரும் எண்ணும் இல்லாத சதுரத்தில் பென்சில் குறி போட எனக்கு அதிகாரமில்லை. வரைபடப் பிரிவுக்கு எழுதினேன். வசந்தத்துக்குள் பதில் வரும் என்றார்கள். அதுவரை முற்றத்திலேயே நிற்கட்டும் என்று குன்வோர் சொன்னார். மாட்டை நாங்கள் முறைவைத்துக் கறந்தோம்.

கடைசி நாள் ஆர்லீன் விடைபெற வந்தபோது முன்வாசல் கண்ணாடியில் ஓரமாக, வெயிலில் நிறம்போன ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டார். "இது எந்தப் பண்ணை?" என்று கேட்டார்.

"அது என்னுடைய வீடு" என்றேன்.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குள் இருபத்தேழு வருடம் இராணுவம் யாரையும் விடவில்லை. விட்டபோது, கனடாவில் ஸ்காபரோவிலிருந்து என் தங்கை வதனி போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் நின்றுகொண்டு எனக்கு போன் எடுத்தாள்.

"பெரியண்ணா, கிணறு மட்டும் நிக்குது. வீட்டைக் காணேல்ல. அத்திவாரக் கல்லும் இல்லை. இடிச்சுப்போட்டாங்களெண்டு சனம் சொல்லுது."

"இடிக்கேல்ல. எங்களைத் தேடிப் போயிருக்கும்."

"அப்ப அதைக் கூப்பிடுங்கோவன். உங்கட வேலைதானே அது."

அன்றைக்கே எழுதி ஒட்டினேன். கணபதிப்பிள்ளை, மனைவி பூரணம், மகன் தர்மகுலசிங்கம், மகள் வதனி. மாடு இரண்டு, ஆடு மூன்று, தென்னை பதினாறு, மா இரண்டு, வெங்காயம் நாலு பரப்புக் காணி. ஆறு வருடத்தில் பதினொரு தரம் புதுப்பித்தேன். வரவில்லை. தூரம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படிச் சொல்லிக்கொண்டேன் என்பது சரி.

ஆர்லீன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் படிக்க முயன்றார். தமிழும் நோர்வேஜிய மொழியும் தெரியாவிட்டாலும் வரிகளை எண்ண அவருக்குத் தெரியும்.

"நான்கு பேரா?" என்றார்.

"நான்கு."

"முப்பது வருடமும், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு, நான் பஸ்ஸின் கடைசி சீட் வரை நடந்து பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாள் ஒரு பிள்ளை தூங்கிப்போய்க் கிடக்கும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். பஸ் நிறுத்தத்தில் அவருடைய நீலச் சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது.

எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான். சுகிர்தன். நான் நாட்டை விட்டு வருவதற்கு ஆறு மாதம் முன்னால் இயக்கத்துக்குப் போனவன். 1989இல் இங்கே வந்து இறங்கியபோது, என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்தபடி, அகதி விண்ணப்பத்தில் குடும்பத்தில் நான்கு பேர் என்று சொன்னேன். இயக்கத்தில் தம்பி இருக்கிறான் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே நான்கு என்று தட்டச்சு செய்தார். அதன் பிறகு என் கடதாசிகள் எல்லாவற்றிலும் நான்கு. எங்கள் காப்பகத்தில் சான்றுள்ள ஆவணத்திலிருந்துதான் எடுத்தெழுத வேண்டும். நானும் ஒழுங்கான உத்தியோகத்தன். என் கடதாசிகளில் உள்ளபடியே எழுதினேன்.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் வதனிக்கு போன் எடுத்தேன்.

"எத்தினை பேரெண்டு எழுதினனீங்கள்?" என்று கேட்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"நாலு."

அங்கே குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கு உங்களில கோவமில்லை, பெரியண்ணா. ஆனா சின்னண்ணா அந்த வீட்டிலதானே படுத்தெழும்பினவர். அம்மா கடைசிவரைக்கும் அவருக்கும் சேர்த்துத்தானே சாப்பாட்டுக் கோப்பை வைச்சவ." பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "எழுதுங்கோ" என்றாள்.

நான் மாடிக்குப் போய்க் குன்வோரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சான்று இல்லாத ஆளைக் குறிப்புப் பத்தியில் சேர்க்கலாம், ஆனால் முன்பு தந்த வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றார்.

"நாட்டை விட்டு அனுப்புவார்களா?"

"அது வேறு கந்தோர் பார்க்கிற வேலை. இங்கே பண்ணைகளை மட்டும்தான் பார்க்கிறோம்." பேனாவை அவரே நீட்டினார். "அவனுக்கு என்ன வயது போட வேண்டும்?"

"பதினேழு" என்றேன். வீட்டை விட்டுப் போனபோது இருந்த வயதுதான் செல்லும். முப்பது வருடத்துக்கு மேல் பொத்தி வைத்த ஒன்றை எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீடு வந்துசேர நாற்பத்தொரு நாள் ஆனது. அதற்குள் முதல் பனி விழுந்துவிட்டது. ஒரு புதன்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது, பின்முற்றத்தில் பிரோத்தெனுக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஒதுங்கி, கதியால் வேலியோடு நின்றது. ஓட்டில் உப்புப் பூத்திருந்தது. பதினாறு தென்னையும் பனியைத் தாங்கிக்கொண்டு நின்றன. செம்மறிகள் இரண்டும் வேலியில் கிளுவை இலையைக் கடித்துக்கொண்டிருந்தன. கிணறு மட்டும் வரவில்லை. கிணறுகள் வருவதில்லை.

குன்வோர் சாட்சிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. விறாந்தையில் நின்று வாசித்தேன். கணபதிப்பிள்ளை, இடம்பெயர்ந்து வன்னியில் காய்ச்சலில் போனார். அப்பாவின் பெயரை நோர்வேக்காரர் ஒருவர் முன்னால் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பூரணம், கனடாவில், தங்கை வீட்டில் காலமானார். தர்மகுலசிங்கம் நான். வதனி நலம், மூன்று பிள்ளைகள். பிறகு சுகிர்தன் என்று வாசித்தேன்.

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. போனான் என்று தெரியும். பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இறந்தான் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகலாம். இருக்கிறான் என்று சொன்னாலும் அப்படித்தான். வீடு கேட்டுக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். கால் விறைத்துப்போனது.

"தம்பி, உன்னை நான்தான் விட்டுவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

குன்வோர் படிவத்தை வாங்கி, செய்தி முழுமையாகச் சொல்லப்படவில்லை என்ற கட்டத்தில் குறியிட்டார். அப்படிக் குறியிட்ட வீட்டைத் திருப்பி அனுப்ப முடியாது. கால எல்லையும் கிடையாது. நகரசபை அதற்கு ஒரு பண்ணை எண் கொடுத்தது. தபால்காரர் விளம்பரத் தாள்களை விறாந்தையில் போட ஆரம்பித்தார். வதனி தினமும் போன் எடுத்து, படலை சாத்தியிருக்கிறதா என்று கேட்டாள்.

மார்ச் மாதம் மினசோட்டாவிலிருந்து ஒரு வக்கீலின் கடிதம் வந்தது. ஆர்லீன் லீசேத் தூக்கத்திலேயே காலமானார் என்று இரண்டு வரி. அதோடு, மலையில் அவர் கழற்றிய கையுறை ஒன்று. நான் பிரோத்தெனுக்குள் போய், ஆர்லீனின் பெயரையும் சொல்லி, என்ன ஆனது என்று சொன்னேன். கையுறையைத் தொட்டிலுக்குள் வைத்தேன். அதே வாரம் வரைபடப் பிரிவின் அனுமதியும் வந்தது. பழைய வரைபடத்தில் கறுப்புச் சதுரத்தின் மேல் பென்சிலால் குறித்து, வரைபடத்தைப் பிரோத்தெனின் கதவில் மாட்டிவிட்டு என் குடியிருப்புக்குப் போனேன்.

காலையில் வந்தபோது அது போய்விட்டிருந்தது. மாடும் செம்மறியும் பாத்தியும் இல்லை. பனியில் மலைப் பக்கம் தடம் போயிருந்தது. தொட்டிலை மட்டும் விட்டுப் போயிருந்தது. அது எங்கள் விறாந்தையில், மழைச்சாரல் படாத மூலையில் இருந்தது. உள்ளே கையுறை இருந்தது. அதன் மேல் அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தார்கள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்திருக்க வேண்டும்.

நான் சத்தம் போடாமல் படலையைச் சாத்திவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய், புதுப் படிவத்தில் எங்கள் வீட்டின் இன்றைய நிலவரத்தை எழுதினேன். ஆட்கள் இரண்டு. சுகிர்தன், பதினேழு. ஸிக்ரித், ஒன்பது வாரம்.